சால்வையும் சுவெற்றரும்: காஷ்மீர் உரோமத்தின் தரமும் பொருத்தமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில், வாகரைக்குத் தெற்கே அமைந்துள்ள சிற்றூர் மாங்கேணி. காயான்கேணி, பனிச்சங்கேணி எனக் கேணியின் பெயரால் வழங்கும் அயலூர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. ஆண்டின் பெரும்பகுதி வெம்மையே ஆட்சி செலுத்தும் இக்கரையில், வடகீழ்ப் பருவமழை பெய்து தணியும் மார்கழி, தை மாதங்களின் விடியற் பொழுதில் மட்டும் சிறிது குளிர் தோன்றும். அதனைக் ‘கூதல்’ என்பர். அவ்வேளையில் வெளியே செல்லும் முதியவர்கள் தலையையும் காதையும் சேர்த்து ஒரு துணியால் மூடிக்கொள்வர். அத்துணி பருத்தியால் ஆனது. அதன் பெயர் சால்வை.

வேட்டியும் சால்வையும் என இணைத்துக் கூறும் அளவிற்கு ஈழத்துத் தமிழர் வாழ்வில் இச்சொல் வேரூன்றிவிட்டது. ஆயின் அது ‘ஷால்’ என்னும் பாரசீகச் சொல்லின் வழி வந்ததாகும். அச்சொல்லுக்கு உலகப்புகழ் ஈட்டிக்கொடுத்தது பருத்தியன்று; இமயத்திற்கு அப்பாலுள்ள பீடபூமியில் வளரும் வெள்ளாட்டின் அடியுரோமமே. சொல் தென்கோடிக் கடற்கரை வரை வந்து சேர்ந்தது. அச்சொல் குறித்த பொருள் வரவில்லை. வெப்பநாட்டிற்கு அது வேண்டப்படவுமில்லை. அதே பொருள் வடமேற்குத் திசையாக ஐரோப்பா சென்று, அங்கே சால்வை என்னும் வடிவை இழந்து, உடலோடு ஒட்டி அணியும் சுவெற்றராக மாறியது.

இன்று உலகச் சந்தையில் நுண்கம்பளிச் சுவெற்றர், காஷ்மீர் சுவெற்றர் என இருவகை உயர்தர ஆடைகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. எது தரமானது, எது உடலுக்கு நன்கு பொருந்துவது என்னும் வினா வாங்குவோரால் இடையறாது எழுப்பப்படுகிறது. இவ்வினாவுக்கு உரோமத்தின் இயல்பைக் கொண்டு ஓரளவு விடை கூறலாம். ஆனால் ‘தரம்’, ‘பொருத்தம்’ என்பன இயற்கை தந்த பண்புகள் மட்டுமல்ல. யாருடைய கைகள் அவற்றை உருவாக்கின, யாருடைய அதிகாரம் அவற்றை மதிப்பிட்டது என்பவற்றோடு பிணைந்த வரலாற்று விளைவுகளும் ஆகும். இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரோமங்களின் இயல்பு

உரோமத்தின் நுண்மை மைக்ரோன் என்னும் அலகினாற் கணிக்கப்படும். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெரினோச் செம்மறியாட்டின் உரோமம் பெரும்பாலும் 17 முதல் 24 மைக்ரோன் வரை விட்டமுடையது. காஷ்மீர் என விற்கப்படும் வெள்ளாட்டு அடியுரோமம் 14 முதல் 19 மைக்ரோன் வரை அமையும். கடல்மட்டத்திலிருந்து 4,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் சாங்பா என்னும் நாடோடி மக்கள் வளர்க்கும் ஆடுகளின் உரோமம் 12 முதல் 15 மைக்ரோன் அளவினது. எனினும் தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்யப்பட்ட மெரினோ ஆடுகளின் உரோமம் 15 மைக்ரோனுக்குக் கீழேயும் செல்வதுண்டு. ஆதலின் நுண்மை ஒன்றே இரண்டையும் தரம்பிரிக்கப் போதிய அளவுகோல் அன்று.

வேறுபாடு நீளத்திலும் சுருளிலும் மேற்பரப்பிலும் தெளிவாகத் தெரியும். மெரினோ உரோமம் 6 முதல் 10 சென்ரிமீற்றர் வரை நீண்டது. நெருக்கமான சுருள்களை உடையது. சுருள் மிகுதியால் அது வில்போல் இழுபட்டு மீளும். காஷ்மீர் உரோமம் பெரும்பாலும் 3 முதல் 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது; சுருளும் குறைவு. அதன் மேற்பரப்பிலுள்ள செதில்கள் மெல்லியனவாயும் ஐதாயும் அமைந்திருத்தலால் தொடுவதற்கு மிக மென்மையாக இருக்கும்.

இவ்வியல்புகளிலிருந்து ஆடையின் குணங்கள் பிறக்கின்றன. நீண்ட மெரினோ உரோமத்தைச் சீவி, இழைகளை ஒரே திசையில் அடுக்கி, வழுவழுப்பான உறுதியான நூலாக்கலாம். அந்நூலிற் பின்னிய சுவெற்றர் உடலின் வளைவுகளைப் பின்பற்றி நிற்கும். முழங்கையில் இழுபட்டாலும் தன் வடிவுக்கு மீளும். குறுகிய காஷ்மீர் உரோமத்தின் நூல் உப்பலானது. அது தனக்குள் காற்றை அடக்கி வைத்திருத்தலால், எடை குறைந்திருந்தும் வெப்பம் காக்கும். ஆனால் முறுக்குத் தளர்ந்தால் குற்றிழைகள் வெளிப்பட்டு, உராயும் இடங்களிற் சிறு உருண்டைகளாகத் திரளும். தளர்வாகப் பின்னப்பட்டதாயின் சில நாட்களிலேயே தொய்ந்து வடிவிழக்கும். சுருங்கக் கூறின், மென்மையிலும் எடைக்குரிய வெப்பத்திலும் காஷ்மீரும், பொருத்தத்திலும் நீடித்த உழைப்பிலும் மெரினோவும் மேம்பட்டன எனலாம்.

அளவிலும் பெரும் வேறுபாடு உண்டு. மெரினோ ஆடொன்று ஆண்டுதோறும் பல கிலோகிராம் உரோமம் தரும். காஷ்மீர் ஆடோ, முரட்டுப் புறவுரோமம் நீக்கியபின் ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் மட்டுமே தரும். அதுவும் குளிர்காலம் முடிந்து ஆடு தானாகவே உரோமம் உதிர்க்கும் காலத்திற் சீப்பினால் வாரி எடுக்கப்பட வேண்டியது. ஒரு சுவெற்றருக்கு இரண்டு முதல் நான்கு ஆடுகளின் ஓராண்டு விளைவு வேண்டும். இந்த அருமையே காஷ்மீர் உரோமத்தின் வரலாற்றை வணிகப் போட்டியின் வரலாறாகவும் ஆக்கியது.

காஷ்மீர்ச் சால்வை: தரம் உருவான முறை

காஷ்மீரிற் சால்வைத் தொழிலை வளர்த்தவர் 15ஆம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த சுல்தான் சைனுல் ஆபிதீன் என்பது அந்நாட்டு மரபு. 1586இல் அக்பர் காஷ்மீரைக் கைப்பற்றியபின் இத்தொழில் மொகலாய அரசவையின் ஆதரவைப் பெற்றது. அரசன் தன் மதிப்பிற்குரியோருக்கு வழங்கும் ‘கில்லத்’ என்னும் மரியாதை ஆடையிற் சால்வையும் இடம்பெற்றது. இன்று தமிழர் மேடைகளிற் பொன்னாடை போர்த்தும் வழக்கத்தை இதனோடு ஒப்புநோக்கலாம்.

குறிப்பிடத்தக்கது யாதெனில், மூலப்பொருள் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் விளைந்ததன்று. அது மேற்குத் திபெத்திலிருந்தும் லடாக்கிலிருந்தும் வந்தது. 1684இல் ஏற்பட்ட திங்மோஸ்காங் உடன்படிக்கை, மேற்குத் திபெத்தின் உரோமம் லடாக் வழியாகக் காஷ்மீர் வணிகருக்கே செல்ல வேண்டும் என்னும் தனியுரிமையை உறுதிசெய்தது. ஆகவே ‘காஷ்மீர்’ என்ற பெயர் ஆட்டைக் குறித்து எழுந்ததன்று. அந்த உரோமத்தை நூலாக்கிச் சால்வையாக்கிய கைத்திறனைக் குறித்து எழுந்ததாகும்.

அக்கைத்திறன் ஒருவருடையதும் அன்று. வந்திறங்கிய உரோமத்தைப் பெண்கள் தத்தம் இல்லங்களிற் பிரித்தெடுத்தனர். ஊறவைத்து அரைத்த அரிசிமாவினால் அதனைத் துப்புரவு செய்து கைராட்டையில் நூற்றனர். முரட்டு உரோமத்தையும் மென்னுரோமத்தையும் வேறுபடுத்தியது அவர்களது விரல்நுனியே. ‘நக்காஷ்’ எனப்படுவோர் கோலங்களை வரைந்தனர். அக்கோலம் ‘தாலிம்’ என்னும் குறியீட்டு எழுத்தில் வரிவரியாகப் பெயர்த்தெழுதப்பட்டு நெசவாளருக்குக் கொடுக்கப்பட்டது. நெசவாளர் ஒவ்வொரு நிறத்திற்கும் ஒவ்வொரு சிறு மரக்குச்சியைப் பயன்படுத்தி, ஊடிழையைப் பகுதி பகுதியாகக் கோத்து நெய்தனர். நுணுக்கமான சால்வையொன்று முற்றுப்பெற ஓராண்டுக்கு மேலும் செல்லும். காலம் சுருக்கும் பொருட்டு ஒரே சால்வையின் துண்டுகள் பல தறிகளில் நெய்யப்பட்டபோது, அவற்றைப் பொருத்துவாய் தெரியாமல் இணைக்கும் ‘றபூகர்’ என்னும் தையற் கலைஞர் ஒரு தனிவகுப்பாராயினர்.

இங்கே ‘பொருத்தம்’ என்னும் கருத்து வேறொரு பொருளில் நின்றது. சால்வைக்கு உடலளவு இல்லை. பருத்தவரும் மெலிந்தவரும் முதியவரும் இளையவரும் ஒன்றையே போர்த்தலாம். தந்தையின் சால்வை மகனுக்கும் ஏற்கும். பொருத்தம் என்பது துண்டோடு துண்டும் கோலத்தோடு நிறமும் இசையும் இசைவேயாகும். அதனைத் தீர்மானித்தவர் செய்கைக்காரர். எனவே தரத்தின் அளவுகோலும் பொருத்தத்தின் அளவுகோலும் உழைப்பாளியின் கையிலேயே இருந்தன. விலையின் அளவுகோல் மட்டும் அவன் கையில் இல்லை.

முத்திரையும் வரியும்

1753 முதல் காஷ்மீர் ஆப்கானியர் ஆட்சிக்கும், 1819இல் ரஞ்சித் சிங்கின் சீக்கியர் ஆட்சிக்கும், 1846இல் டோக்ரா அரசனான குலாப் சிங்கின் ஆட்சிக்கும் உட்பட்டது. ஆட்சிகள் மாறினும் சால்வையிலிருந்து அரசு பெறும் வருவாய்க்கு இருந்த முதன்மை மாறவில்லை. 1783இல் காஷ்மீர் சென்ற ஜோர்ஜ் போஸ்டர், மொகலாயர் காலத்தில் 40,000 தறிகள் இருந்தன என்றும் தம் காலத்தில் அவை 16,000 ஆகக் குறைந்துவிட்டன என்றும் எழுதினார். ‘தாக்’ எனப்பட்ட முத்திரை இடப்பட்ட பின்னரே சால்வையை விற்க முடியும். முத்திரையிடும் அலுவலகமே வரி அறவிடும் அலுவலகமுமாயிற்று. 1820களின் தொடக்கத்தில் அங்கே தங்கியிருந்து தொழிலை நுணுகி ஆராய்ந்த வில்லியம் மூர்குரொஃப்ற், சால்வையின் பெறுமதியிற் காற்பங்குக்கு மேல் வரியாகச் சென்றதைப் பதிவு செய்துள்ளார்.

முத்திரை என்பது தரத்தின் சான்று எனப் பொதுவாகக் கருதப்படும். காஷ்மீரில் அது நெசவாளனின் அடிமைநிலைக்கும் சான்றாயிற்று. ஆலை உரிமையாளரிடம் முன்பணம் பெற்ற நெசவாளன் அவரைவிட்டு நீங்க முடியாது. தொழிலைக் கைவிடவும் முடியாது. 1846ஆம் ஆண்டின் அமிர்தசரஸ் உடன்படிக்கையில், 75 இலட்சம் ரூபாவுக்குக் காஷ்மீரைப் பெற்ற குலாப் சிங், ஆங்கில அரசின் மேலாண்மைக்கு அடையாளமாக ஆண்டுதோறும் ஒரு குதிரை, 12 சால்வை ஆடுகள், மூன்று சோடிச் சால்வைகள் ஆகியவற்றை அளிக்க ஒப்புக்கொண்டார். ஒரு நாட்டின் கைவினை அந்நாட்டு அடிபணிவின் குறியீடாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

1865 ஏப்ரில் 29ஆம் நாள் ஸ்ரீநகரின் சால்வை நெசவாளர்கள் வரிச்சுமையை எதிர்த்து ஊர்வலமாகச் சென்றனர். படையினர் அவர்களைத் தாக்கி விரட்டியபோது பலர் பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்தனர். 28 பேர் உயிரிழந்தனர் எனக் கூறப்படும். உலகில் மே தினத்திற்கு வித்திட்ட சிக்காகோ நிகழ்வுக்கு 21 ஆண்டுகள் முற்பட்ட இப்போராட்டம், தென்னாசியத் தொழிலாளர் வரலாற்றில் உரிய இடத்தைப் பெறவில்லை. தரமிக்க துணியை நெய்தவர்கள் கோரியது உயர்ந்த விலையை அன்று. வயிறு நிறைவதற்கும் விரும்பின் ஊரை விட்டுச் செல்வதற்கும் உள்ள உரிமையையே கோரினர்.

மெரினோவின் எழுச்சியும் போலிச் சால்வையும்

மெரினோ உரோமத்தின் வரலாறும் தனியுரிமையின் வரலாறே. மத்தியகால ஸ்பெயின் இந்த ஆடுகளை நாட்டுக்கு வெளியே செல்லவிடாது காத்தது. 18ஆம் நூற்றாண்டில் அக்கட்டு தளர்ந்தது. 1765இல் சக்சனிக்கும் 1786இல் பிரான்சின் றம்பூயேக்கும் மெரினோ மந்தைகள் சென்றன. 1797இல் அவை அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சை அடைந்தன. அங்கிருந்த பழங்குடி மக்களின் நிலங்கள் மேய்ச்சல் நிலங்களாக்கப்பட்டன; 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியளவில் ஆங்கில ஆலைகளின் நுண்கம்பளித் தேவையைப் பெருமளவு அவுஸ்திரேலியா நிறைவுசெய்தது.

1798 முதல் 1801 வரை நடைபெற்ற எகிப்தியப் படையெடுப்பின்போது பிரெஞ்சு அதிகாரிகள் காஷ்மீர்ச் சால்வைகளைத் தாயகம் கொண்டு சென்றனர். நெப்போலியனின் மனைவி ஜோசபீன் அவற்றை விரும்பி அணிந்ததன் பயனாக ஐரோப்பிய உயர்குடிப் பெண்களிடையே அவற்றுக்குப் பெரும் வேட்கை எழுந்தது. உரோமத்தைத் தம் நாட்டிலேயே பெறும் நோக்குடன் 1819இல் வெள்ளாட்டு மந்தையொன்று பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டது. எனினும் பேரளவான உற்பத்திக்கு அது உதவவில்லை. கடுங்குளிரில் வளரும் அடியுரோமத்தை மேய்ச்சல் மாறிய ஆட்டிடமிருந்து அதே அளவிற் பெற இயலவில்லை.

ஆகவே மெரினோ உரோமத்தையும் பட்டையும் கொண்டு காஷ்மீர்க் கோலங்களைப் போலச் செய்யும் தொழில் பிரான்சிலும், இங்கிலாந்தின் நோரிச்சிலும், ஸ்கொத்லாந்தின் பெயிஸ்லியிலும் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஜக்கார்ட் தறி இதற்குத் துணைபுரிந்தது. காஷ்மீரில் ஓராண்டு எடுத்த வேலை அங்கே மிகச் சுருங்கிய காலத்தில் முடிந்தது. விலையும் பன்மடங்கு குறைந்தது. தமிழர் சேலைக் கரைகளில் ‘மாங்காய்’ என வழங்கும் அதே வளைகோலத்திற்கு ஆங்கிலத்தில் இன்றும் பெயிஸ்லி என்பதே பெயர். கோலத்தை வரைந்த நக்காஷின் பெயர் எங்கும் இல்லை. அதனைப் பார்த்துச் செய்த நகரின் பெயர் நிலைத்துவிட்டது.

1870–71இல் நிகழ்ந்த பிரான்சு–பிரசியப் போர் காஷ்மீர்ச் சால்வையின் முதன்மைச் சந்தையைத் தகர்த்தது. ஐரோப்பியப் பெண்களின் உடைப்பாங்கும் மாறியது. 1877–79இல் காஷ்மீரைத் தாக்கிய பெரும்பஞ்சம் எஞ்சிய நெசவாளரையும் அழித்தது. பெயிஸ்லியின் சால்வைத் தொழிலும் அதே காலப்பகுதியில் வீழ்ந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. சந்தையின் மாற்றம் மூலத்தையும் போலியையும் ஒருங்கே விழுங்கியது.

பின்னலாடையும் பொருத்தமும்

சால்வையின் இடத்தைப் பின்னர்ப் பிடித்த சுவெற்றரின் முன்னோடி காலுறை. நெசவில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும். பின்னலில் ஒரே நூல் வளையம் வளையமாகக் கோக்கப்படும். வளையங்கள் விரிந்து சுருங்குதலால் பின்னலாடை உடலோடு இயைந்து நிற்கும். 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தார். முதலாம் எலிசபெத் அரசி அவருக்குத் தனியுரிமை வழங்க மறுத்தார்.

இப்பொறியில் ஆடையை இருவகையாகச் செய்யலாம். ஒன்று, கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு பகுதியையும் உடலின் வடிவிலேயே பின்னி இணைப்பது. மற்றது, அகன்ற துணியாகப் பின்னி, அதனை வேண்டிய வடிவில் வெட்டித் தைப்பது. முதலாவது முறையில் ஓரம் உறுதியாக அமையும். ஆடை நன்கு பொருந்தும். ஆனால் திறனும் நேரமும் வேண்டும். இரண்டாவது மலிவானது. வெட்டிய ஓரத்தில் வளையங்கள் அறுபடுதலால் விரைவிற் கிழியும்.

இவ்விரு முறைகளுக்கிடையிலான முரண்பாடு 1811இல் நொட்டிங்காம்சயர் பகுதியில் வெளிப்பட்டது. இலுடைற்றுகள் எனப்பட்ட பின்னற் தொழிலாளர் பொறிகளை உடைத்தனர். அவர்கள் இயந்திர வெறுப்பாளர் என்றே பொதுவாகச் சித்திரிக்கப்படுவர். உண்மையில் அவர்கள் பல தலைமுறையாகப் பொறியிலேயே வேலைசெய்தவர்கள். கூலிக்குறைப்போடு, வெட்டித் தைத்த மட்டமான காலுறைகளைச் சந்தையில் நிரப்பித் தொழிலின் நற்பெயரைக் கெடுத்த உற்பத்தி முறையையும் அவர்கள் எதிர்த்தனர். 1812இல் பொறியுடைப்பு மரணதண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. அச்சட்டமூலத்தை எதிர்த்துக் கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் உரையாற்றினார். பொருத்தமான ஆடையைச் செய்வது தமது உரிமை எனத் தொழிலாளர் போராடியதும் ஸ்ரீநகர் நெசவாளரின் போராட்டமும் ஒரே நூற்றாண்டின் இரு நிகழ்வுகளாகும். நாடும் தொழிலும் வேறாயினும், தரத்தை உருவாக்குவோன் தரத்தின்மீது அதிகாரமற்றவனாக்கப்பட்டமை இரண்டிற்கும் பொதுவானது.

1864இல் வில்லியம் கொட்டன் உரிமம் பெற்ற பொறி, வடிவுறப் பின்னும் வேலையை ஒரே வேளையிற் பல துண்டுகளுக்குச் செய்ய வழிவகுத்தது. இலுடைற்றுகள் காக்க முயன்ற முறை இயந்திரத்தின் வழியே மீண்டது. அதனைக் காக்க முயன்றவர்கள் அப்போது இல்லை.

சால்வை சுவெற்றரான கதை

ஸ்ரீநகரின் பெண்கள் விரல்நுனியாற் செய்த பிரித்தெடுப்பு வேலைக்கு இயந்திரம் காணப்படும் வரை காஷ்மீர் உரோமத்தை ஆலைத்தொழிலாக்க இயலவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஜோசப் டோசன் என்பவர் முரட்டு உரோமத்தை நீக்கும் பொறிமுறையை வகுத்தார். ஸ்கொத்லாந்தின் ஹோயிக் நகரில் 1771 முதலே காலுறைப் பொறிகள் இருந்தன. அங்கே வளர்ந்த பின்னல் ஆலைகள் காஷ்மீர் நூலை மேற்கொண்டன. 1930களில் அந்நகரின் பிரிங்கிள் நிறுவனத்தின் இரட்டைச் சுவெற்றர் புகழ்பெற்றது. ‘ஸ்கொத்லாந்துக் காஷ்மீர்’ என்னும் வழக்கு உருவாயிற்று. ஆடு ஆசியாவினது, பெயர் ஒரு பள்ளத்தாக்கினது, தரத்தின் புகழோ ஐரோப்பிய நகரொன்றுக்குரியதாயிற்று.

காஷ்மீர் நெசவாளருட் சிலர் 1833ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் பின் பஞ்சாபின் அமிர்தசரஸ், லூதியானா ஆகிய நகரங்களிற் குடியேறியிருந்தனர். 20ஆம் நூற்றாண்டில் லூதியானா இந்தியாவின் கம்பளிப் பின்னலாடை மையமாக வளர்ந்தது. பழைய சால்வைத்தறியின் ஊரிலேயே மெரினோச் சுவெற்றர் எழுந்தமை வரலாற்றின் ஒரு திருப்பமாகும். அண்மைக் காலத்தில் உரோம உற்பத்தியில் சீனா முதலிடத்தையும் மொங்கோலியா அடுத்த இடத்தையும் பெற்றுள்ளன. 1990இன் பின் மொங்கோலியாவின் கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டதும் ஆடுகளின் தொகை பெருகியது. மலிவான காஷ்மீர் சுவெற்றர் சாதாரண கடைக்கும் வந்தது. மேய்ச்சல் நிலமோ தேய்ந்தது.

மலிவின் விளைவு ஆடையிலும் தெரிந்தது. குறுகிய உரோமத்தைக் கலந்து, ஒற்றை இழையில், கண்ணிகளைத் தளர்த்திப் பின்னினால் நூல் மிச்சமாகும். கடையில் தொட்டுப் பார்ப்பவருக்கு அது மிக மென்மையாகவும் தோன்றும். ஆனால் சில முறை உடுத்தியதும் உருண்டை திரண்டு, தோளிலும் இடுப்பிலும் தொய்ந்து பொருத்தமிழக்கும். நீண்ட இழையும் ஈரிழை முறுக்கும் நெருங்கிய பின்னலும் உள்ள சுவெற்றர் முதலிற் சற்றே இறுக்கமாகத் தோன்றிப் பின்னர் மென்மை பெறும். மட்டமான காஷ்மீர் சுவெற்றரைவிட நன்கு பின்னிய மெரினோச் சுவெற்றர் எவ்வகையிலும் மேலானது. தரம் உரோமத்தின் பெயரில் மட்டும் இல்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

பெயரைக் காக்கச் சட்டங்களும் வந்தன. ஐக்கிய அமெரிக்காவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம், காஷ்மீர் எனக் குறிக்கப்படும் உரோமத்தின் சராசரி விட்டம் 19 மைக்ரோனுக்கு மேற்படலாகாது என்றும், 30 மைக்ரோனுக்கு மேற்பட்ட உரோமம் எடையில் 3 வீதத்தைத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தது. இந்தியா 2008இல் காஷ்மீர்ப் பஷ்மினாவுக்குப் புவியியற் குறியீட்டுப் பதிவு வழங்கியது. முதலாவது சட்டம் உரோமத்தை அளக்கிறது, கையை அளப்பதில்லை. இரண்டாவது, கையால் நூற்றுக் கையால் நெய்தலை நிபந்தனையாக்குவதன் வழி, காலங்கடந்தாயினும் கையின் பங்கை ஏற்றுக்கொள்கிறது.

முடிவுரை

இவ்வரலாறு குளிர்நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. இலங்கை 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கையை ஏற்று, 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தைத் தொடங்கியது. 1974 முதல் 2004 இறுதி வரை நிலவிய பல்லிழை உடன்பாட்டின் பங்கீட்டு முறை ஆடைத் தொழிற்சாலைகள் இங்கு பெருக ஒரு காரணமாயிற்று. 2009இல் போர் முடிவுற்ற பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் அத்தகைய தொழிற்சாலைகள் தோன்றின. 2004இன் கடற்கோளையும், 2006–07இல் வாகரைப் பகுதியிற் போரையும் கண்ட கரையோர ஊர்களுக்கும் இக்காலம் புதியதொரு தொழிலுலகை அறிமுகம் செய்தது. கிழக்கிலங்கைப் பெண்கள் தாம் ஒருபோதும் சென்றிராத நாடுகளின் உடல்களுக்குப் பொருந்தும் ஆடைகளைத் தைக்கின்றனர். தோளின் அகலமும் கையின் நீளமும் வாங்குவோரின் அளவுத்தாளில் வருகின்றன. தரக்கட்டுப்பாட்டு மேசையில் ஏற்கப்படுவதும் கழிக்கப்படுவதும் அந்த அளவின்படியே. தாக் முத்திரையின் கொடுமையையும் இன்றைய தொழிற்சாலையையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஊதியமும் சட்டப் பாதுகாப்பும் வேறுபட்டவை. எனினும் தரத்தின் அளவுகோல் செய்வோரின் கையைவிட்டு நீங்கி வாங்குவோரின் கைக்குச் சென்ற வரலாற்றுப்போக்கு ஒன்றே.

மட்டக்களப்புத் தென்கரையின் மருதமுனைக் கைத்தறித் துணி இன்றும் ஊரின் பெயராலேயே அறியப்படுகிறது. அதன் பாவு எத்தனை நெருக்கமுடையது, சாயம் நிற்குமா என்பவற்றைத் துணியைத் தடவிப் பார்த்தே கூறத்தக்கவர் இப்பகுதியில் உளர். காஷ்மீர்ச் சால்வையின் வரலாறு கூறும் பாடம் இத்தகைய ஊர்களுக்கே பெரிதும் உரியது. பெயரை இழந்தபின் தரத்தை நிலைநாட்டுதல் கடினம். தரத்தைக் கணிக்கும் உரிமையை இழந்தபின் பெயரைக் காத்தலும் கடினம்.

நுண்கம்பளியோ காஷ்மீரோ சிறந்தது என்னும் வினாவுக்கு, பொருத்தத்திற்கு முன்னதும் மென்மைக்குப் பின்னதும் என உரோமத்தின் இயல்பு விடைகூறும். ஆனால் எந்த உரோமமாயினும் அதனைத் தெரிந்தெடுத்தவர், நூற்றவர், பின்னியவர் ஆகியோரின் திறனும் அத்திறனுக்குக் கிடைத்த மதிப்புமே ஆடையின் தரத்தை முடிவுசெய்தன என வரலாறு விடைகூறும். மாங்கேணியின் கூதற்காலை விடியலில் முதியவரொருவர் தலையில் மூடும் பருத்தித் துணிக்கு மைக்ரோனும் முத்திரையும் இல்லை. அது தாங்கி நிற்கும் பெயரில், அதனை ஒருகாலும் கண்டிராத தொலைநாட்டு நெசவாளரின் உழைப்பு இன்றும் வழங்கிவருகிறது.